வால்வுக்கு வளைகாப்பு

காது என்ற உறுப்பை நம்பி மனித குலம் செய்துவந்த தவறுகள் அனைத்துக்கும், 1978ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் முற்றுப்புள்ளி வைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சரித்திரம் எழுதுகிறவர்கள் தேதியைத் தவறாகப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு வயது இருபது. பெயர் தைரியராஜ். வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். படிப்பு பி.எஸ்ஸி. பௌதிகம், மூன்றாம் ஆண்டு. ஆனால் தொழில் என்று கேட்டால் பத்திரிகை ஆசிரியர். பத்திரிகையின் பெயர் ‘மின்வெட்டு’. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள் என்பதால் அந்தப் பெயர். இருபத்துநான்கு பக்கம், கையெழுத்துப் பத்திரிகை, மூன்று பிரதிகள். ஒன்று ஹாஸ்டலுக்கு, ஒன்று கேன்டீனுக்கு, ஒன்று பெண்கள் கல்லூரிக்கு. மூன்றாவது பிரதி ஒரு முறை கூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் அங்கே நல்ல வரவேற்பு என்று கொண்டோம்.

என் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவன் பரக்கத் அலி. இன்னொருவன் நான், அதுவும் எழுதிய அன்றைக்கு மட்டும். ஆகவே நான் சொல்லச் சொல்ல பரக்கத்தான் எழுதுவான். என் வகுப்புத்தான். மலைக்கோட்டைக்குக் கீழே அவன் அத்தாவுக்குப் பூட்டுக்கடை. கையெழுத்தென்றால் அச்சுக்கே பொறாமை வரும் கையெழுத்து. ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு சின்னப் பூ வரைவான். வேண்டாம் என்றாலும் வரைவான். முதல் பிரதி நான் சொல்ல எழுதுவது, மற்ற இரண்டும் அவனே பார்த்துப் படியெடுப்பது. இதழுக்கு எழுபத்திரண்டு பக்கம். அவனை உதவி ஆசிரியர் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தேன். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

1977 ஆகஸ்டில் ஒரு நாள் அவன், “மாப்ள, முடியலடா. ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு. ராத்திரி பூரா இதையே எழுதிக்கிட்டிருந்தா எப்பப் படிக்கிறது? ஒரு காப்பி போதும்னு வச்சுக்குவோமா?” என்றான். எனக்கு உடனே பொறி தட்டியது. ‘உதவி ஆசிரியரின் ஒப்பாரி’ என்று இரண்டு பக்கம் சொன்னேன். விரல் தேய்ந்தவன் தேய்ந்த விரலால் எழுதிய விண்ணப்பம். அவன் குரலிலேயே, அவன் இழுக்கிற இழுப்போடு. ஹாஸ்டலில் மாடிப்படியில் நின்று படித்துச் சிரித்தார்கள். எழுதும்போது பரக்கத்தும் சிரித்தான் என்றுதான் ஞாபகம். தலைப்புக்குக் கீழே வழக்கம்போல் பூ இருந்தது.

இப்போது அழகியமணவாளனுக்கு வருகிறேன். அவனும் எங்கள் வகுப்பு, ஸ்ரீரங்கத்துக்காரன். அவன் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டியும், வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. வால்வு என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே மயிரிழைக் கம்பிகள் சூடாகிச் சிவந்திருக்கும். ரேடியோவோ ஆம்ப்ளிஃபையரோ, அதுதான் சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும். டிரான்சிஸ்டர் வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மணவாளன் வால்வைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதோடு நின்றிருந்தால் நான் அவனை விட்டிருப்பேன். பம்புசெட் சாமான் விற்கும் கடையில் ரப்பர் வளையங்கள் வாங்கி, ஒவ்வொரு வால்வுக்கும் கழுத்தில் ஒன்றாக மாட்டினான்.

“ஸ்பீக்கர் அதிர்றதோல்லியோ, அந்த அதிர்வு வால்வுக்குள்ள இருக்கற கம்பியையும் ஆட்டறதுடா. அந்த ஆட்டமும் சத்தமா மாறிப் பாட்டோட கலந்துடறது. வளையம் போட்டா ஆட்டம் அடங்கிடும். இப்பக் கேட்டுப் பாரு. வீணையில மீட்டு முடிஞ்சப்புறம் ஒரு மௌனம் வருமே, அது சுத்தமா கேக்கறது” என்றான்.

“மௌனம் கேக்குதா?” என்றேன்.

“ஆமாம்.”

“சத்தமாவா, மெதுவாவா?”

அவன் துணியை எடுத்து வால்வைத் துடைக்க ஆரம்பித்தான். நவம்பர் ‘மின்வெட்டு’ முதல் பக்கத்தில் அழைப்பிதழ் வந்தது. ‘நிகழும் மங்களகரமான கார்த்திகை மாதம், எங்கள் செல்வப் புதல்வி சௌபாக்கியவதி வால்வுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடைபெறுவதால், தாங்கள் சுற்றமும் ஸ்பீக்கரும் சூழ வந்திருந்து, பிறக்கப்போகும் மௌனத்தை ஆசீர்வதிக்க வேண்டுகிறோம். ரப்பர் வளையல் தவிர வேறு சீர்வரிசை ஏற்கப்படமாட்டாது. இப்படிக்கு, தாய்மாமன் அழகியமணவாளன்.’ பரக்கத் ஓரத்தில் வயிறு பெருத்த ஒரு வால்வு வரைந்திருந்தான். அதற்குப் பொட்டும் வைத்திருந்தான்.

ஒரு வாரத்துக்கு வராந்தாவில் மணவாளனைப் பார்க்கிறவர்கள் எல்லாம், “குழந்தை எப்பங்க?” என்று கேட்டார்கள். அவன் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு நாள் கேன்டீனில் என் முன்னால் வந்து நின்றான்.

“சோதனை வெச்சுக்கலாம்டா. நான் பாக்கப்படாது. வளையம் இருக்கா இல்லையான்னு காதால சொல்றேன். பத்து தடவை.”

“எட்டு சரியாச் சொன்னா நான் ‘மின்வெட்டை’ நிறுத்திடறேன்” என்றேன். சுற்றி இருபது பேர் இருந்தார்கள். இருபது பேர் இருந்தால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. “சொல்லாட்டி நீ வளையத்தைக் கழட்டிட்டு, ஆம்ப்ளிஃபையர் கிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டுரை எழுதணும்.”

“நடுவுல யாரு இருப்பா?”

“பரக்கத்.”

மணவாளன் யோசித்தான். “அவன் உன் ஆளாச்சே.”

“என் ஆளுதான். ஆனா பொய் சொல்லத் தெரியாது” என்றேன். பரக்கத் அப்போது வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மணவாளன் வீட்டுக் கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே அவன் அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டு, பரக்கத். இந்தப் பக்கம் ஸ்பீக்கர், மணவாளன், நான். ஒவ்வொரு முறையும் பரக்கத் காசைச் சுண்டுவான். தலை விழுந்தால் வளையம், பூ விழுந்தால் வளையம் இல்லை. அதை எழுதிவைத்துக்கொண்டு, அதன்படி மாட்டுவான் அல்லது கழற்றுவான். வால்வு சுடும் என்பதால் கையில் கைக்குட்டை. பிறகு ஒரே வீணைத் தட்டில் ஒரே இடம், ஒரு நிமிஷம். மணவாளன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உரக்கச் சொல்வான், அதை நான் எழுதுவேன். கடைசியில் இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவது. இவ்வளவு கண்டிப்பான ஒரு சோதனை காவிரிக்கு வடக்கே அதுவரை நடந்திருக்காது.

“இருக்கு.”

“இல்லே.”

“இல்லே. மீட்டு முடிஞ்சப்புறம் ஏதோ கரகரன்னு இருக்கு.”

ஒவ்வொரு முறைக்கும் வால்வு ஆறிச் சூடாக ஆறேழு நிமிஷம் ஆனது. நடுவில் மணவாளனின் அம்மா காப்பி கொண்டுவந்தார். “நீங்கள்லாம் என்ன, பரீட்சைக்குப் படிக்கறேளா?” என்றார். ஆமாம் மாமி என்றேன். திரைக்கு அடியில் ஒரு டம்ளரை நகர்த்தினேன். பரக்கத்தின் கை வந்து எடுத்துக்கொண்டது. இரண்டாவது விரலில் பேனா அழுத்தின காய்ப்பு கறுப்பாகத் தெரிந்தது. ஒரு பத்திரிகையாளனுக்கு அழகுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பரக்கத் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். தாளை நீட்டினான். ஒப்பிட்டேன். மறுபடி ஒப்பிட்டேன்.

ஒன்பது.

மணவாளன் துள்ளவில்லை. “எது தப்பு?” என்று மட்டும் கேட்டான்.

“ஆறாவது” என்றான் பரக்கத்.

“அப்ப வாசல்ல மாட்டு வண்டி போச்சு. அதான்” என்றான் மணவாளன். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். “உங்காத்து ரேடியோவுக்கும் போட்டுப் பாரேன்.”

பஸ்ஸில் நானும் பரக்கத்தும் திரும்பினோம். பாலத்தில் போகும்போது, “விடு மாப்ள” என்றான். “எப்படிடா, எப்படி?” என்றேன். “காது நல்ல காது போல” என்றான், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரியில் கடைசி ‘மின்வெட்டு’ வந்தது. எனக்கு நானே இரங்கல் உரை சொன்னேன். அதைப் பரக்கத் மூன்று பிரதியும் ஒரே இரவில் முடித்துக் கொண்டுவந்தான். அந்த இதழில் அவன் கையெழுத்து என்றுமில்லாத அழகு. தலைப்புக்குக் கீழே ஒரு பூவுக்குப் பதில் மூன்று பூ. துக்கம் அவன் கையை இப்படித் திறந்துவிட்டிருக்கிறது என்று எண்ணி நெகிழ்ந்துபோனேன். ரப்பர் வளையங்களைப் பென்சில் கட்டுக்கு மாட்டினேன். அறிவியலை வென்ற பொருளுக்கு நான் செய்த மரியாதை அது.

மார்ச் மாதம் பரீட்சைக்குப் பரக்கத்தின் மின்னியல் நோட்டை வாங்கினேன். நடுவில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தேன். மேலே ‘அசல்’ என்று தலைப்பு. கீழே தேதி, 28-1-78. ஒன்று முதல் பத்து வரை தலை, பூ. பக்கத்தில் மணவாளன் சொன்ன பதில்கள். ஓரத்தில் சரி, தப்பு.

ஐந்து சரி. ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் பதில் சொல்லியிருந்தால் என்ன வருமோ அதே. நான் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஜெயித்திருந்தேன். தலைப்புக்குக் கீழே பூ இருந்தது.

மலைக்கோட்டைக்கு நடந்தே போனேன். கடையில் அவன் அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். பரக்கத் ஒரு பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

“வா மாப்ள. டீ சொல்லவா?”

தாளைப் பூட்டுகளுக்கு நடுவே வைத்தேன். பார்த்தான். எண்ணெய்க் குப்பியை மூடினான்.

“எங்க இருந்துச்சு?”

“மின்னியல் நோட்டுல.”

“அங்கயா வச்சேன்? வீடு பூரா தேடினேன்.”

“தேடினியா! அசல்னு தலைப்பு வேற. பூ வேற.”

“பூ பழக்கத்துல வந்துருச்சு.” பூட்டைத் திறந்தான், மூடினான். “அவன் சொல்லச் சொல்ல உள்ள உக்காந்து இன்னொரு தாள்ல எழுதினேன். பத்தும் சரின்னா நீ சந்தேகப்படுவ. அதான் ஒண்ணை விட்டேன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“மணவாளனுக்கா? பாவம், அவனுக்கு என்ன தெரியும். நிஜமாவே கேட்டுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.”

“அப்ப எதுக்குடா? அவன் உனக்கு யாரு? நான் உனக்கு யாரு?”

“மூணு தடவை சொன்னேன் மாப்ள.”

“என்னத்தைச் சொன்ன?”

“பாத்தியா” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். “முடியலன்னு மூணு தடவை சொன்னேன். முதல் தடவை சிரிச்ச. ரெண்டாவது தடவை அதை ஒப்பாரின்னு பத்திரிகைல போட்ட. நீ சொல்ல நான்தான் எழுதினேன். மூணு காப்பி. என் ஒப்பாரிய நானே மூணு காப்பி எடுத்தேன்டா.”

“மூணாவது தடவை?”

“மூணாவது தடவை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, ‘இரு இரு, இது நல்லா வருது, எழுதிக்க’ன்ன.”

எனக்கு அது ஞாபகமே இல்லை.

“முடியாதுன்னு போயிருக்கலாமேடா. எதுக்கு இந்த வேலை?”

“போனா அதையும் எழுதுவ. அதையும் யார் காப்பி எடுக்குறது?” என்றான்.

அவன் அத்தா திரும்பி வந்தார். “வாங்க தம்பி, பத்திரிகை நின்னுபோச்சாமே, பரக்கத் சொன்னான். இவன் இப்பதான் ஒழுங்காத் தூங்குறான்” என்றார். தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

என்னைக் கவிழ்க்க எதிரிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவன் செய்திருந்தால் நான் அதை மூன்று இதழுக்கு இழுத்திருப்பேன். என் சோதனையில் காசு, வேட்டி, கைக்குட்டை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன். பரக்கத் பொய் சொல்வான் என்பதை மட்டும் எடுக்கவில்லை. அதற்குப் பாடத்தில் இடமும் இல்லை.

உண்மையை உலகத்துக்குச் சொல்வது என் கடமை என்று பட்டது. ஓர் இரவு உட்கார்ந்து ‘மின்வெட்டு, சிறப்பிதழ்’ என்று நானே நாலு பக்கம் எழுதினேன். நடுவர் செய்த துரோகம், ஐந்து சரி ஐந்து தப்பு, எல்லாம் பெயரோடு எழுதி, காலையில் கேன்டீன் சுவரில் ஒட்டினேன். மத்தியானம் வரை பலர் வந்து நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திடுக்கிடவில்லை. மூன்று மணிக்குக் கேன்டீன் மாஸ்டர் அதைக் கிழித்து எடுத்து, “யாரோட மருந்துச் சீட்டுங்க இது, சுவத்துல ஒட்டியிருக்கு?” என்று மேஜை மேஜையாகக் கேட்டுக்கொண்டு போனார். நான் என் டீயைக் குடித்தேன்.

பரக்கத் இரண்டு அரியரும் முடித்தான், முதல் வகுப்பு. அடுத்த வருஷம் துபாய் போனான். ரயிலடிக்கு வகுப்பே போனதாம். நான் போகவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தின் ஓரம்தான். அந்த ரயில் என் ஜன்னலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நான் பாத்ரூமில் இருந்தேன். வெகு நேரம் இருந்தேன்.

அவனிடமிருந்து முதல் கடிதம் 1980 ஆகஸ்டில் வந்தது. அதே கையெழுத்து. ‘இங்கே ஒரு பெரிய கடையில் சாமான்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுகிற வேலை. ஒரு காப்பி எழுதினால் போதும் என்கிறார்கள்’ என்று எழுதியிருந்தான். கடைசியில் நாலு வரி. ‘இலங்கை வானொலி நேயர் விருப்பத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். உன் பெயரையும் போட்டிருக்கிறேன். என்றைக்கு வரும் என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குக் கேள்.’ மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. கடிதத்துக்குத் தலைப்பு இல்லாததால் பூவும் இல்லை.

நான் பதில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை நாலரைக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். அவன் என்ன பாட்டைக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தால்தானே திட்ட முடியும்.

எங்கள் வீட்டு ரேடியோ ஐந்து வால்வு. அப்பா கல்யாணத்தின்போது வாங்கியது. நாலு நாற்பதுக்கு ஒரு கூட்ஸ் வண்டி போகும். அறிவிப்பாளர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து வந்தது. தரை அதிர, அலமாரி அதிர, ரேடியோவுக்குள்ளிருந்து ‘ணீ…ங்’ என்று கோயில் மணியை அடித்துவிட்டுப் பிடிக்காமல் விட்டதுபோல் ஒரு கூவல். பெயர்கள் எல்லாம் அதில் மூழ்கின. வண்டி போனதும் பாட்டு மட்டும் வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

“இது நேத்தா கூவுது? நீ பொறந்ததுலேருந்து இப்படித்தான்” என்றார் அம்மா.

இருபத்திரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். ஆனால் கேட்டதில்லை. ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் ரயில் ஓடவில்லை. அங்கே அடங்க வேண்டிய ஆட்டமே இருக்கவில்லை. அந்த ‘அசல்’ தாள் நிரூபித்தது அந்தக் கூடத்தை மட்டும்தான். ஆறாவது முறை மட்டும் வாசலில் மாட்டு வண்டி போய்த் தரை அதிர்ந்திருக்கலாம் என்பதைப் பற்றி நான் அதிகம் யோசிக்க விரும்பவில்லை.

அடுத்த செவ்வாய் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டேன். “…பொன்மலையிலிருந்து…” என்று வந்தது. வந்ததும் கூட்ஸ் வந்தது. ‘ணீ…ங்’.

பொன்மலையில் ரேடியோ வைத்திருக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது செவ்வாய் மத்தியானம் அப்பா வேலைக்குப் போனதும், ரேடியோவைத் திருப்பி, பின் அட்டையைக் கழற்றினேன். ஸ்விட்சைப் போட்டு, பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வாக மெல்லத் தட்டினேன். முதலாவது பேசவில்லை. இரண்டாவதும் பேசவில்லை. மூன்றாவது ‘ணங்’ என்றது.

அணைத்தேன். ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பென்சில் கட்டிலிருந்து வளையங்களை உருவினேன். ரப்பர் கொஞ்சம் இறுகியிருந்தது. ஊதித் தூசி போக்கிக்கொண்டேன்.

“என்னடா பண்ற அங்க?” அடுப்படியிலிருந்து அம்மா.

“தூசி தட்டுறேம்மா.”

மூன்றாவது வால்வுக்கு மாட்டிய வளையம் இடுப்பளவில் நின்றது. இன்னொன்றும் கையில் இருந்தது. அதையும் கழுத்துக்கு மாட்டினேன். பின் அட்டையை வைத்து நாலு திருகையும் முடுக்கினேன். மணி நாலு இருபது. ஸ்விட்சைப் போட்டேன். வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும். எழுந்துபோய்த் தண்டவாளப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.